மதியிறுக்கம் உள்ள பிள்ளையின் தாய்: அவரது மனநலத்தை யார் கவனிப்பது?

புக்கிட் பாத்தோக் வெஸ்ட் அவென்யூ 3ல் இரண்டு கட்டடங்கள் உண்டு. ஒன்று ஈடன் பள்ளி. மதியிறுக்கம் எனப்படும் ஆட்டிசம் உள்ள மாணவர்களுக்கான இந்தச் சிறப்புப் பள்ளியை நடத்துவது, 1992ல் தொடங்கப்பட்ட சிங்கப்பூர் மதியிறுக்கச் சங்கம். மற்றொன்று புக்கிட் பாத்தோக் பலதுறை மருந்தகம். காலையில் பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டுத் திரும்பும் தாய்மாருக்கு முதல் கட்டடத்தின் வாசல், பேருந்து நிற்கும் இடம், ஆசிரியர்களின் பெயர் எல்லாம் அத்துப்படி. இரண்டாவது கட்டடத்துக்கு அவர்கள் போவது பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால். அல்லது மாமியாருக்கு ரத்த அழுத்த மாத்திரை தீர்ந்துபோனால். “மூன்று வாரமாகத் தூக்கமில்லை, காரணமில்லாமல் அழுகிறேன்” என்று சொல்வதற்காகவும் அங்கே வரிசை எண் எடுக்கலாம் என்பது பலருக்குத் தோன்றுவதே இல்லை.

சிங்கப்பூரில் ஏறத்தாழ 150 சிறுவர்களில் ஒருவருக்கு மதியிறுக்கம் இருப்பதாக மதிப்பிடப்படுகிறது. இது மூளை வளரும் விதத்தில் உள்ள ஒரு வேறுபாடு. பிறரோடு பேசிப் பழகுவதில் சிரமம், ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்தல், ஒலி, வெளிச்சம், தொடுதல் ஆகியவற்றை மற்றவர்களைவிட மிகுதியாகவோ குறைவாகவோ உணர்தல் என்று அதன் தன்மைகள் பிள்ளைக்குப் பிள்ளை மாறும். ஒருவர் எம்ஆர்டி வழித்தடம் முழுவதையும் நிலையம் தவறாமல் ஒப்பிப்பார். இன்னொருவர் பத்து வயதிலும் ஒரு சொல் பேசாமல் இருப்பார். பிள்ளையின் சிகிச்சை, பயிற்சி, பள்ளி பற்றி ஏற்கெனவே நிறைய எழுதப்பட்டுள்ளது. இங்கே நாம் பார்க்கப்போவது அந்தப் பிள்ளையை வளர்க்கும் தாயின் மனத்தை. தந்தையே முதன்மைப் பராமரிப்பாளராக உள்ள வீடுகளும் உண்டு. அவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

களைப்பு எங்கிருந்து வருகிறது

பிள்ளையால்தான் தாய்க்கு மன அழுத்தம் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது.

முதலில் தூக்கம். மதியிறுக்கம் உள்ள பிள்ளைகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ஏதாவது ஒருவகைத் தூக்கச் சிக்கல் இருக்கிறது. நள்ளிரவு இரண்டு மணிக்கு எழுந்து விளக்கைப் போட்டு அணைத்து விளையாடும் பிள்ளைக்குத் துணையாக யாராவது விழித்திருக்க வேண்டும். கதவு, சன்னல், அடுப்பு மூன்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பத்தாவது மாடியில் இருக்கும் வீட்டில் இது அசட்டையாக விடக்கூடிய வேலையல்ல. கைக்குழந்தை வைத்திருக்கும் தாய்க்கு இப்படி ஓர் ஆண்டு போகும். இங்கே அது எட்டு, பத்து ஆண்டுகள்கூட நீளலாம். தூக்கமின்மையால் வரும் எரிச்சல், மறதி, அழுகை ஆகியவற்றைத் தம் குணக்கேடு என்று நினைத்து வருந்தும் தாய்மார் ஏராளம். பிள்ளையின் மருத்துவரிடம் பேச்சுப் பயிற்சியைப் பற்றிக் கேட்கும்போதே தூக்கத்தைப் பற்றியும் கேளுங்கள். அதற்கென்று பழக்கமுறைகள் உண்டு. தேவைப்பட்டால் மருத்துவர் மருந்தும் தருவார். இணையத்தில் வாங்கிய தூக்க மாத்திரைகளை நாமாகக் கொடுக்கக்கூடாது.

அடுத்தது நேரம். அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வளர்ந்த பிள்ளைகளை உடைய தாய்மாரின் அன்றாடத்தை நாள்தோறும் கேட்டுப் பதிவுசெய்து 2010ல் முடிவுகளை வெளியிட்டார்கள். மதியிறுக்கம் உள்ளவர்களின் தாய்மார், மற்றத் தாய்மாரைவிட நாளுக்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் கூடுதலாகப் பிள்ளைக்காகச் செலவிட்டனர். அலுவலக வேலை தடைபட்ட நாள்களும் களைப்பு மிகுந்த நாள்களும் அவர்களுக்கே அதிகம். அதே குழுவினர் தாய்மாரின் உமிழ்நீரையும் சோதித்தார்கள். அழுத்தம் வரும்போது உடலில் சுரக்கும் கார்ட்டிசோல், அவர்களிடம் இயல்பைவிடக் குறைவாக இருந்தது. நெடுங்காலம் அழுத்தத்தில் வாழ்ந்து உடல் தேய்ந்துபோனவர்களிடம், போர்முனையில் இருந்த வீரர்கள் உள்பட, காணப்படும் நிலை அது. “ஆட்டிசம் தாய்மாருக்குப் போர்வீரர்களுக்கு நிகரான மன அழுத்தம்” என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் வாசகம் இதிலிருந்து பிறந்ததுதான்.

அந்த வாசகத்தைப் பகிர்பவர்கள் விட்டுவிடும் மறுபாதியும் உண்டு. அதே நாள்குறிப்புகளில், பிள்ளையோடு மகிழ்ந்த தருணங்களைக் கேட்டபோது, இந்தத் தாய்மார் மற்றவர்களுக்குச் சற்றும் குறைவில்லை. சிரிப்பும் கொஞ்சலும் எல்லா வீட்டையும் போலத்தான் இருந்தன. அவர்களுக்குப் பற்றாக்குறையாக இருந்தவை ஓய்வும் உதவியும்.

இந்த இரண்டோடு காகித வேலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மதிப்பீட்டுக்கான காத்திருப்பு, பாலர் பருவத் தலையீட்டுத் திட்டத்துக்கான விண்ணப்பம், சிறப்புப் பள்ளிக்கான பரிந்துரை, மானியப் படிவம், வருமானச் சான்று, போக்குவரத்து ஏற்பாடு. சிறப்புத் தேவையுடைய பிள்ளைகளையும் உள்ளடக்கும்படி 2019ல் கட்டாயக் கல்விச் சட்டம் விரிவுபடுத்தப்பட்டது நல்ல மாற்றம். ஆனால், ஒவ்வொரு படிவத்திலும் பிள்ளையால் எதெல்லாம் முடியாது என்பதைத் திரும்பத் திரும்ப எழுதுவது தாயின் கைதான். ஆங்கிலத்தில் எழுதத் தயங்கும் தாயாக இருந்தால் அந்தச் சுமை இரட்டிப்பு.

தாயின்மேல் விழுந்த பழி

மதியிறுக்கத்தின் வரலாற்றில் வெட்கப்பட வேண்டிய ஒரு பகுதி உண்டு. நம் வீட்டுக் கூடத்தில் இன்றும் பேசப்படும் பேச்சுக்கு அது அண்ணன் முறை என்பதால் அதைத் தெரிந்துகொள்வது நல்லது.

1943ல் அமெரிக்க மருத்துவர் லியோ கேனர் 11 பிள்ளைகளைக் கவனித்து முதன்முதலாக ஆட்டிசத்தை விரிவாக விவரித்தார். அந்தப் பிள்ளைகளின் பெற்றோரிடம் பாசத்தின் வெதுவெதுப்பு குறைவு என்றும் அவர் எழுதிவைத்தார். அந்த ஒரு குறிப்பு பூதமாக வளர்ந்தது. சிகாகோவில் புரூனோ பெட்டல்ஹைம் என்பவர் 1967ல் வெளியிட்ட புத்தகம், பாசமற்ற தாயால்தான் பிள்ளை தனக்குள் ஒடுங்குகிறது என்று அடித்துச் சொன்னது. ‘குளிர்பதனப் பெட்டித் தாய்’ என்று அந்தத் தாய்மாருக்குப் பெயரே வைத்தார்கள். பிள்ளையைப் பராமரித்துக் களைத்த பெண், மருத்துவரின் அறையில் குற்றவாளியாக உட்கார்ந்திருந்தாள்.

இதை உடைக்கத் தொடங்கியவர் ஒரு தந்தை. பெர்னார்ட் ரிம்லாண்ட் ஓர் உளவியலாளர். அவருடைய மகனுக்கும் ஆட்டிசம். காரணம் உடலில் இருக்கிறது, வளர்ப்பில் இல்லை என்று 1964லேயே அவர் புத்தகம் எழுதினார். 1969ல் பெற்றோர் கூட்டம் ஒன்றில் கேனரே எழுந்து, பெற்றோர்மேல் பழி இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். 1977ல் பிரிட்டனில் நடந்த இரட்டையர் ஆய்வு மரபணுவின் பங்கை உறுதிப்படுத்தியது. அதன்பின் வந்த ஆய்வுகள் எல்லாம் அதே திசையில்தான் போகின்றன. தடுப்பூசியால் ஆட்டிசம் வரும் என்று 1998ல் லான்செட் இதழில் வந்த கட்டுரையை 2010ல் அந்த இதழே திரும்பப் பெற்றுக்கொண்டது.

ஆக, அறிவியல் தாயை விடுவித்து அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. உறவினர்கள் இன்னும் விடுவித்தபாடில்லை. “கர்ப்பமா இருக்கும்போது என்ன சாப்பிட்டே?” என்று ஒருவர் கேட்பார். “வேலைக்குப் போய்ப் பணிப்பெண்ணிடம் விட்டதால் வந்தது” என்பார் இன்னொருவர். கைப்பேசியைக் கையில் கொடுத்ததால், கண் பட்டதால், யாருடைய ஜாதகமோ சரியில்லாததால் என்று பட்டியல் நீளும். “எங்க பையனும் நாலு வயசுலதான் பேசினான், நீ சும்மா பயப்படுறே” என்று ஆறுதலாகச் சொல்வதும் ஒருவகையில் அந்தத் தாயின் கண்ணையும் மனத்தையும் நம்பாத பேச்சுதான்.

கோயிலுக்குப் போவது மனத்துக்கு ஆறுதல் தருமானால் போகட்டும். ஜூரோங் ஈஸ்ட் முருகன் கோயிலில் கூட்டமில்லாத ஒரு பிற்பகலில் பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு வருவதில் பல தாய்மாருக்கு நிம்மதி இருக்கிறது. பரிகாரம் என்றும் மூன்று மாதத்தில் குணப்படுத்தும் மூலிகை என்றும் ஆயிரக்கணக்கில் வெள்ளி கேட்பவர்கள் வேறு இனம். மதியிறுக்கத்தைக் குணப்படுத்தும் மருந்து என்று எதுவும் இல்லை. பணம் போவதோடு அது நிற்பதில்லை. குணமாகவில்லை என்றால் “நீங்கள் சரியாகக் கடைப்பிடிக்கவில்லை” என்று பழி மறுபடியும் தாயிடமே வந்து சேரும்.

தமிழில் பேசலாமா?

இது சிங்கப்பூர்த் தமிழ் வீடுகளில் மட்டும் வரும் கவலை அல்ல, ஆனாலும் இங்கே நன்றாகவே வரும். பிள்ளை பேசத் தாமதமானதும், “ஒரே மொழியில் பேசுங்கள், அதுவும் ஆங்கிலத்தில்” என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுகிறார். தாய் அன்றிலிருந்து தனக்குத் தாலாட்டாக வராத மொழியில் பிள்ளையைக் கொஞ்சத் தொடங்குகிறார். பாட்டி வாயை மூடிக்கொள்கிறார். வீட்டில் பிள்ளையோடு பேசக்கூடிய பெரியவர்கள் எண்ணிக்கை நான்கிலிருந்து இரண்டாகிறது. தாய்க்குக் கிடைத்துவந்த உதவியும் அதே அளவுக்குக் குறைகிறது.

இரு மொழிச் சூழலில் வளர்வதால் மதியிறுக்கம் உள்ள பிள்ளையின் பேச்சு கூடுதலாகத் தாமதமாவதில்லை என்று கனடாவில் 2012ல் வெளியான ஆய்வு காட்டியது. வேறு ஆய்வுகளும் அதையே சொல்கின்றன. பேச்சுப் பயிற்சியாளரிடம் இதை நேராகக் கேட்கலாம். பள்ளியில் பயன்படுத்தும் படஅட்டைகளின் பின்புறத்தில் தமிழ்ச் சொல்லையும் எழுதி ஒட்டி வைத்தால் தாத்தா, பாட்டியும் அதே அட்டையைக் காட்டிப் பேசலாம். என்னைக் கேட்டால், தாயின் மனநலத்துக்காகச் செய்யக்கூடிய செலவில்லாத காரியங்களில் இது முக்கியமானது. தன் மொழியில் பிள்ளையைத் திட்டவும் கொஞ்சவும் முடிகிற தாய்க்கு மூச்சுவிட இடம் கிடைக்கிறது.

பேருந்திலும் மின்தூக்கியிலும்

வெஸ்ட் மால் கடைத்தொகுதியின் வெளிச்சம், அறிவிப்புகள், மக்கள் கூட்டம், உணவு வாசனை ஆகியவை நமக்குப் பழகிப்போனவை. ஒலியையும் ஒளியையும் பன்மடங்காக உணரும் பிள்ளைக்கு அவை ஒரு கட்டத்தில் தாங்க முடியாமல் போகும். அப்போது அவர் தரையில் விழுந்து அலறலாம், தன்னையே அடித்துக்கொள்ளலாம். ஐஸ்கிரீம் கேட்டு அழும் அடத்துக்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு. அடம், கேட்டது கிடைத்ததும் நின்றுவிடும். இது நரம்புகள் ஓயும்வரை நிற்காது. அதட்டல் பலனளிக்காது. சத்தம் குறைந்த இடம், குறைந்த பேச்சு, கொஞ்ச நேரம், இவைதாம் வேண்டும்.

தாயைத் தளரவைப்பது அலறலைவிடச் சுற்றி நிற்பவர்களின் பார்வை. “பிள்ளையை வளர்க்கத் தெரியவில்லை” என்று முணுமுணுப்பவர், கைப்பேசியில் படம் எடுப்பவர், அறிவுரை சொல்ல வருபவர். இரண்டு மூன்று முறை இப்படி ஆனபின் தாய் வெளியே போவதையே நிறுத்திக்கொள்கிறார். திருமணம், தீபாவளி விருந்து, பிறந்தநாள் எல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்றுபோகும். தனிமை அப்படித்தான் வீட்டுக்குள் வருகிறது. அது மனச்சோர்வுக்கு மிக நெருங்கிய உறவு.

அண்டைவீட்டாரிடம் முன்கூட்டியே பேசிவைப்பது பலருக்குக் கைகொடுத்திருக்கிறது. “என் மகனுக்கு ஆட்டிசம். சில இரவுகளில் சத்தம் போடுவான். யாரும் அவனை அடிப்பதில்லை. தொந்தரவாக இருந்தால் இந்த எண்ணில் எனக்குச் செய்தி அனுப்புங்கள்.” மேல்வீட்டுக்கும் கீழ்வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் இந்த நான்கு வரியைச் சொல்லிவிட்டால், நள்ளிரவுச் சத்தம் போலிசுக்கான அழைப்பாக மாறுவது குறையும். வெளியே போவதையும் சிறிய அளவில் மறுபடி தொடங்கலாம். சனிக்கிழமை மாலைக் கடைத்தொகுதிக்குப் பதிலாக, வார நாள் காலையில் லிட்டில் குய்லின் குளக்கரையோ புக்கிட் பாத்தோக் இயற்கைப் பூங்காவோ போதும். அங்கே யாரும் பிள்ளையை அமைதியாக இருக்கச் சொல்லப்போவதில்லை.

பேருந்தில் இப்படி ஒரு தாயைப் பார்க்கும் மற்றவர்கள் என்ன செய்யலாம் என்று கேட்கிறார்கள். பெரும்பாலும் எதுவும் செய்ய வேண்டாம். பார்வையைத் திருப்பிக்கொள்ளுங்கள், இடம் விடுங்கள், கீழே விழுந்த பையை எடுத்துக் கொடுங்கள்.

சோர்வு எப்போது நோயாகிறது

களைப்பு இருப்பதெல்லாம் மனநோய் ஆகாது. ஒரு நாள் நன்றாகத் தூங்கி எழுந்தால், யாராவது பிள்ளையைப் பார்த்துக்கொண்டால், மனம் லேசாகிறது என்றால் அது பெரும்பாலும் களைப்பு. ஓய்வு கிடைத்தும் லேசாகவில்லை, முன்பு பிடித்திருந்த பாட்டு, சமையல், தோழியின் அழைப்பு எதுவுமே பிடிக்கவில்லை, நாள் முழுவதும் மனம் கனத்துக் கிடக்கிறது, பசியும் தூக்கமும் மாறிவிட்டன, எதற்கும் நான் லாயக்கில்லை என்ற எண்ணம் ஓயாமல் வருகிறது. இவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டிய நேரம். நம் பெண்கள் மனச்சோர்வை மனச்சோர்வு என்று சொல்வது அரிது. தலைவலி, முதுகுவலி, நெஞ்சு படபடப்பு, வயிற்றெரிச்சல் என்றுதான் சொல்வார்கள். மருத்துவரிடம் வலிநிவாரணி மட்டும் வாங்கி வராமல், வீட்டில் நடப்பதையும் ஒரு வரி சொல்லிவிடுங்கள்.

எவ்வளவு பேருக்கு இது வருகிறது? அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் எலிசபெத் டைக்கன்ஸ் குழுவினர், உடற்குறையோ மதியிறுக்கமோ உள்ள பிள்ளைகளின் தாய்மார் 243 பேரை ஆராய்ந்து 2014ல் வெளியிட்டனர். 85 விழுக்காட்டினருக்கு அழுத்தம் மிகுந்திருந்தது. 48 விழுக்காட்டினர் மனச்சோர்வு உள்ளவர்களாகவும் 41 விழுக்காட்டினர் பதற்றக் கோளாறு உள்ளவர்களாகவும் இருந்தனர். அவர்களாகவே உதவி தேடி வந்தவர்கள் என்பதால் எல்லாத் தாய்மாருக்கும் இதே அளவு என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும், இது ஏதோ ஒருத்தியின் பலவீனம் அல்ல என்பதற்கு இந்த எண்கள் போதும்.

சொல்லக் கடினமான ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். 2022 ஜனவரியில், புக்கிட் பாத்தோக்கிலிருந்து அதிகத் தொலைவில்லாத அப்பர் புக்கிட் தீமா வட்டாரத்தில், சிறப்புத் தேவையுடைய 11 வயது இரட்டைச் சகோதரர்கள் உயிரிழந்தனர். அவர்களின் தந்தைக்கு 2023ல் 14 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அவர் மனச்சோர்வால் பாதிக்கப்பட்டிருந்ததை நீதிமன்றம் கேட்டறிந்தது. அந்தச் செயலுக்கு அது நியாயம் ஆகாது. இழந்தவர்கள் அந்த இரு சிறுவர்கள்தாம். ஆனால், “இந்தப் பிள்ளையோடு நானும் போய்விட்டால்...” என்ற எண்ணம் ஒரு பெற்றோருக்கு வந்தால், அதை வெளியே சொல்லவே கூடாத பாவமாக நினைத்து மூடிவைப்பதுதான் ஆபத்து. அந்த எண்ணம் நோயின் அறிகுறி. நெஞ்சுவலி வந்தால் காத்திருக்க மாட்டோம் அல்லவா? அப்படித்தான் இதுவும். எஸ்ஓஎஸ் அமைப்பின் 1767, தேசிய மனநலத் தொலைபேசிச் சேவையான 1771, மனநலக் கழகத்தின் 6389 2222 ஆகிய மூன்று எண்களிலும் நாள் முழுவதும் ஆள் இருப்பார்கள். உடனடி ஆபத்து என்றால் 995.

எங்கே போவது, என்ன கேட்பது

அவசரம் இல்லாதபோது முதல் படி பலதுறை மருந்தகமோ குடும்ப மருத்துவரோ. 2030க்குள் எல்லாப் பலதுறை மருந்தகங்களிலும் கூடுதலாக 900 தனியார் மருந்தகங்களிலும் மனநலச் சேவை கிடைக்கச் செய்யும் தேசிய உத்தியை அரசாங்கம் 2023ல் அறிவித்தது. மருந்து வேண்டுமா, ஆலோசனை போதுமா என்பதை மருத்துவர் சொல்வார். மருந்து எடுத்தால் நிறுத்தவே முடியாது, பைத்தியம் என்று பதிவாகிவிடும் என்ற பயங்களை அவரிடமே கேட்டுத் தீர்த்துக்கொள்ளலாம்.

தமிழில் மனம்விட்டுப் பேச வேண்டும் என்றால் சிண்டாவை நாடலாம். பீட்டி சாலையில் உள்ள அதன் அலுவலகத்தில் குடும்ப சேவை நிலையமும் உண்டு. தேக்கா பக்கம் கறிவேப்பிலை வாங்கப் போகும் நாளில் போய்வரக்கூடிய தூரம்தான். ஃபெய் யுவே குடும்ப சேவை நிலையம் புக்கிட் பாத்தோக்கிலேயே இருக்கிறது. பிள்ளைக்கான சேவைகள், ஓய்வுப் பராமரிப்பு, மானியங்கள் பற்றி எஸ்ஜி எனேபல் அமைப்பிடம் கேட்கலாம். போகும்போது பொதுவாக “உதவி வேண்டும்” என்று கேட்டால் கையேடுதான் கிடைக்கும். “வாரத்தில் ஒரு நாள் மூன்று மணி நேரம் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள மேற்கு வட்டாரத்தில் யார் இருக்கிறார்கள்?” என்று கேட்டால் பெயரும் எண்ணும் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

பணிப்பெண் வைத்திருக்கும் குடும்பங்களில், உடற்குறையுள்ளவருக்கான தகுதி கிடைத்தால் மாதத் தீர்வை 60 வெள்ளியாகக் குறையும். வேலைக்குப் போகும் தாய்மார், 2024 டிசம்பர் 1ஆம் தேதி முதல் நடப்பில் உள்ள நீக்குப்போக்கான வேலை ஏற்பாடு பற்றிய முத்தரப்பு வழிகாட்டியைப் பயன்படுத்தலாம். எழுத்தில் கேட்டால் முதலாளி இரண்டு மாதத்துக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். பிள்ளையின் பயிற்சி அட்டவணையை இணைத்துக் கேட்பது நல்லது. வேலையை விட்டுவிடுவதுதான் ஒரே வழி என்று முடிவெடுப்பதற்குமுன் இதைக் கேட்டுப் பாருங்கள். சம்பளத்தோடு சேர்ந்து, பிள்ளையைப் பற்றி அல்லாமல் வேறு எதையாவது பேசும் எட்டு மணி நேரமும் வேலை தருகிறது.

எனக்கு மிகவும் நம்பிக்கை தருவது தாய்மார் தாய்மாருக்குச் செய்யும் உதவி. மேலே சொன்ன வாண்டர்பில்ட் ஆய்வின் இரண்டாம் பாதி அதுதான். அங்கே பயிற்சி கொடுத்தவர்கள் மருத்துவர்கள் இல்லை. அதே நிலையில் உள்ள, முன்பே பயிற்சி பெற்ற தாய்மார். வாரம் ஒன்றரை மணி நேரம், ஆறு வாரம். ஒரு குழுவினருக்கு மூச்சைக் கவனித்தல் போன்ற மனஓர்மைப் பயிற்சி. இன்னொரு குழுவினருக்குக் குற்றவுணர்வையும் கவலையையும் கையாளும் முறைகள். இரண்டு குழுவினருக்குமே மனச்சோர்வும் பதற்றமும் தூக்கச் சிக்கலும் குறைந்தன. பிள்ளைகளின் மதியிறுக்கம் மாறவில்லை. தாய்மாரின் நிலை மாறியது. சிங்கப்பூரில் கேரிங்எஸ்ஜி போன்ற, பராமரிப்பாளர்களே நடத்தும் அமைப்புகள் இதே வழியில் செயல்படுகின்றன. பிள்ளையின் பள்ளியிலும் பெற்றோர் ஆதரவுக் குழு இருக்கும். பள்ளி வாசலில் தினமும் பார்க்கும் இன்னொரு தாயோடு காப்பிக்கடையில் அரை மணி நேரம் உட்கார்வதும் அதே வகைதான். எதையும் விளக்கிச் சொல்ல வேண்டியிராத பேச்சு அது.

“உங்களையும் கவனித்துக்கொள்ளுங்கள்” என்று எல்லாரும் சொல்கிறார்கள். நேரம் எங்கே என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. அந்த நேரத்தைக் கொடுக்க வேண்டியவர்கள் வீட்டில் உள்ள மற்றவர்கள். கணவர் “நான் உதவி செய்கிறேன்” என்று சொல்வதைவிட, செவ்வாயும் வெள்ளியும் பிள்ளையைக் குளிப்பாட்டித் தூங்கவைப்பது தம் வேலை என்று எடுத்துக்கொள்வது நல்லது. அந்த இரண்டு இரவும் தாய் வேறு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கலாம். 2013ல் வந்த ‘ஹரிதாஸ்’ திரைப்படத்தில் மதியிறுக்கம் உள்ள மகனைத் தந்தை ஒருவரே வளர்ப்பார், பார்த்தவர்கள் உருகினார்கள். அதே வேலையைத் தாய் செய்யும்போது மட்டும் நமக்கு அது காட்சியாகவே தெரிவதில்லை. அக்காவோ தம்பியோ இருந்தால் அவர்களையும் துணைத் தாயாக்கிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வாரத்தில் ஒரு மணி நேரமாவது அவர்களுக்கென்று தனியாகக் கொடுப்பது தாயின் குற்றவுணர்வையும் கொஞ்சம் குறைக்கும்.

இன்னொன்று. மதியிறுக்கம் குடும்பங்களில் தொடர்ந்து வரக்கூடியது. பிள்ளைக்கு மதிப்பீடு செய்யும்போது, கேள்வித்தாளைப் படித்துக்கொண்டே “இதெல்லாம் எனக்கும் உண்டே” என்று உணரும் தாய்மார் இருக்கிறார்கள். சத்தமும் கூட்டமும் தங்களையும் ஏன் இவ்வளவு களைப்பாக்குகின்றன என்பது அவர்களுக்கு அப்போதுதான் புரிகிறது. விரும்பினால் அவர்களும் மதிப்பீட்டுக்குப் போகலாம்.

“எனக்குப் பிறகு?”

இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் கேள்விகளில் முதலிடம் இதற்குத்தான். சிறப்புப் பள்ளி 18 வயதில் முடிந்துவிடும். அதன்பின் வேலைப் பயிற்சியோ பகல்நேர நடவடிக்கை நிலையமோ கிடைக்கும்வரை பிள்ளை வீட்டில் இருக்கும் காலம் தாய்க்கு மறுபடியும் கடினமானது. பள்ளியின் கடைசி இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே அடுத்த இடத்தைத் தேடத் தொடங்க வேண்டும் என்று பெற்றோர்கள் சொல்வது அதனால்தான்.

இந்தக் கவலை தியானத்தால் மட்டும் போகாது. கொஞ்சம் காகிதமும் வேண்டும். 21 வயதானபின் பிள்ளைக்காகச் சட்டப்படி முடிவெடுக்க, மனத் திறன் சட்டத்தின்கீழ் பெற்றோர் நீதிமன்றத்தால் நியமிக்கப்படலாம். சிறப்புப் பள்ளி மாணவர்களின் பெற்றோருக்கு அந்த விண்ணப்பத்தை எளிதாக்கும் திட்டம் உண்டு, பள்ளியில் கேட்கலாம். பணத்துக்கு, அரசாங்க ஆதரவோடு இயங்கும் லாபநோக்கற்ற சிறப்புத் தேவைகள் அறக்காப்பு நிறுவனம் இருக்கிறது. 5,000 வெள்ளியில் ஓர் அறக்காப்புக் கணக்கைத் தொடங்கலாம். பெற்றோர் காலத்துக்குப் பிறகு அந்தப் பணம் பிள்ளையின் பராமரிப்புக்கு மாதாமாதம் போய்ச்சேரும். அண்ணன் பொறுப்பில் விட்ட பணம் என்ன ஆகுமோ என்ற பயம் இதில் இல்லை.

அந்த ஏற்பாட்டோடு பெற்றோர் ஒரு கடிதமும் எழுதிவைப்பார்கள். அதற்குச் சட்ட மொழி தேவையில்லை, தமிழிலேயே எழுதத் தொடங்கலாம். பிள்ளை காலையில் முதலில் என்ன செய்வார், தோசையின் ஓரம் முறுகலாக இருந்தால் சாப்பிடுவாரா, எந்தச் சத்தத்துக்குக் காதைப் பொத்துவார், அழும்போது கையைப் பிடிக்கலாமா கூடாதா, எந்த மருந்து எத்தனை மணிக்கு, எந்தப் பாட்டைப் போட்டால் தூங்குவார் என்று ஒரு மாலையில் இரண்டு பக்கம் எழுதினால் போதும். எப்போதோ தேவைப்படப்போகும் அந்தத் தாளின் ஒரு படியைக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டிவைத்தால், வரும் சனிக்கிழமையே சித்தியோ பாட்டியோ அதைப் பார்த்துப் பிள்ளையை மூன்று மணி நேரம் கவனித்துக்கொள்ளலாம்.